லூர்துசாமி முதுகில் ஏறிய நூல்

அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று நான் ஒருநாளும் நினைத்தது கிடையாது. அதனால்தான் லூர்துசாமியை ஸ்கேன் எடுக்கச் சிதம்பரம் கூட்டிப் போகிற காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.

மாதா கோயில் கொடிமரத்தில் சீரியல் லைட் கட்டுகிறேன் என்று ஏறி, கொடி ஏறுவதற்கு முன்னாலேயே கீழே வந்தவர் லூர்து. முதுகில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கடலூரில் எடுத்த படத்தில் தண்டுவடத்தின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. நரம்பு நசுங்கியிருக்கிறதா, அறுந்தே போய்விட்டதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. நரம்பு இழைகளைத் தனித்தனியாகக் காட்டுகிற எம்.ஆர்.ஐ. சிதம்பரத்தில் இருக்கிறதாம். இழை மிச்சமிருந்தால் ஆபரேஷன். இல்லையென்றால் ஆயுசுக்கும் கட்டில்.

கூட ஒருவர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். அவர் சம்சாரம் பாத்திமா மேரி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடுவேனா? தாலி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் அவள் மடியில் கொட்டிவிட்டு நான் போனேன்.

"அவரு பாதத்தைப் பிடிச்சுக்குங்கம்மா. பயப்பட மாட்டாரு," என்றார் மெஷின் ஓட்டுகிற எழிலன்.

"உணர்ச்சி இல்லாத பாதத்தைப் பிடிச்சா பயம் எப்படித் தம்பி போவும்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. பினாயில் வாடைக்கு அடியில் ஆற்றுச் சேற்று வாடை. லூர்து தலையிலிருந்து இடுப்புவரை குழாய்க்குள். நான் பாதத்தைப் பிடித்தபடி ஸ்டூலில்.

சுவரோரம் பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அங்கி. குனிந்த தலை. இரண்டு முழங்காலும் ஆடிக்கொண்டே இருந்தன. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகுமா?

"எந்த ஊரு?"

"புவனகிரி."

"உடம்புக்கு என்ன?"

"காலு சும்மா இருக்க மாட்டேங்குது," என்று கிசுகிசுத்தார். "போறதுக்குதான் எடம் இல்ல."

"எடத்துக்கா பஞ்சம்? எங்க கடலூர் முதுநகருக்கு வாங்க. லூர்துசாமி வீடுன்னா யாரும் காட்டுவாங்க. ஜாஸ்தி ஆளுகூட இல்ல."

ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே. யாரைப் பார்த்தாலும் சொல்கிறோம்.

அவர் கால்கள் ஆடுவது நின்றது.

மெஷின் தடதடவென்று இடிக்க ஆரம்பித்தது.

என் கைக்குள் லூர்துவின் கால் கட்டைவிரல் மடங்கியது. மெதுவாக, என் விரலைச் சுற்றிப் பிடித்தது.

சத்தம் நின்றதும் வெளியே ஓடினேன். எழிலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலமும் பச்சையுமாக நூல் நூலாக லூர்துவின் தண்டுவடம். மேலேயிருந்து வந்த நூல்கள் அடிபட்ட இடத்தில் மொட்டையாக நின்றன. கீழேயிருந்து தடியாக இன்னொரு கற்றை ஏறி, அந்த இடத்தில் வளைந்து, உடம்பைவிட்டே வெளியே போனது.

"இது எங்க போவுது தம்பி?"

"இப்படிப் போவாதும்மா. அவரு ஆடியிருப்பாரு. அதான் படம் கெட்டுப்போச்சு."

"பெஞ்சில இருந்தாரே, அவருக்கு எப்ப எடுப்பீங்க?"

"எந்த பெஞ்சு?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவர் வெறுஞ்சுவராக இருந்தது.

எழிலன் மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நான் உள்ளே போகவில்லை. அந்தக் கற்றை வளையவும் இல்லை. அடிபட்ட இடத்தைத் தாண்டி, லூர்துவின் சொந்த நூல்களை ஒட்டிக்கொண்டே மேலே ஏறியிருந்தது.

"தாண்டிடுச்சு! எங்க வூட்டுக்காரருக்கு நரம்பு இருக்கு! மாதாவே!" பாத்திமா அழுதாள்.

 எழிலன் சட்டென்று திரையை அணைத்தார்.

ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குள் லூர்து எழுந்து நடந்துவிட்டார். பங்குக் கோயில் சனமே திரண்டு வந்து பார்த்தது. பங்குச் சாமியார் பூசையில், மாதா செய்த புதுமை, அற்புதம் என்று சொன்னார். பாத்திமா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

ஒரு மத்தியானம் லூர்து எங்கள் வேலியோரம் வந்து நின்றார். கால்கள் பூமியை மிதித்தபடியே இருந்தன.

"அக்கா, நான் நடக்கல. என்னை நடத்திக்கினு போவுது. ஒக்கார வுட மாட்டேங்குது. டாக்டர்கிட்ட கூட்டிப் போங்கக்கா."

"வாயைக் களுவுங்க," என்று பின்னாலேயே வந்தாள் பாத்திமா. "கட்டில்ல கெடந்தது பத்தாதா? அக்கா, நீங்க எதையாவது கெளப்பி வுடாதீங்க. எனக்கு இவரு நடந்தா போதும்."

அடுத்த வாரம் அவர் கைகளும் சும்மா இருக்கவில்லை. அதற்கப்புறம் அவர் யாரிடமும் பேசவில்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் இருந்தார். முழங்கால் இரண்டும் ஆடின. கண் மட்டும் என்னையே கெஞ்சியது. பாத்திமா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"ஆ... வலிக்குது!" அந்தப் பெஞ்சில் கேட்ட அதே குரல்.

"பார்த்தீங்களாக்கா? முழு உணர்ச்சி வந்துடுச்சு!" பாத்திமா கைகூப்பினாள்.

லூர்து உதடு அசையவே இல்லை.