முப்பத்தேழாம் வில்லை

உள்ளே போனவர்கள் நூறு பேர். வெளியே வந்து சேர்ந்த வில்லைகள் நூற்றொன்று.

1961 சித்திரை. ஸ்டேஷனின் புதுச் சுரங்கப்பாதையைத் திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம். கூட்டம் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க, வேலையாட்கள் நூறு பேரைப் பிளாட்பாரத்து வாசலில் இறக்கி வெளிவாசலில் ஏற்றினார்கள். பள்ளம் தோண்டிய நாளிலிருந்து உள்ள வழக்கப்படி, இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையைப் பலகையின் ஆணியிலிருந்து எடுத்துப் போக வேண்டும். ஏறி வந்ததும் கொடுத்துவிட வேண்டும். வேலை முடியும்போது ஒரு ஆணியும் காலியாக இருக்கக்கூடாது.

"எச்சா ஒண்ணு இருக்குங்கய்யா," என்றார் மேஸ்திரி மருதை. "முப்பத்தேழு ரெண்டு இருக்கு."

"யார் குடுத்தது?" என்றான் எஞ்சினியர் செபஸ்தியான்.

"நீட்டின கையில வாங்கிப் போட்டேங்க. மூஞ்சியப் பாக்கல."

இரண்டில் ஒன்று தகரம், செபஸ்தியானே வெட்டியது. மற்றது பித்தளை. அதன் துவாரத்தில் ஈரக் களிமண் அடைத்திருந்தது.

மாசியில் ஒரு நாள் பாதையின் நடுவில் மண் சரிந்தது. அன்று முப்பத்தேழாம் ஆணி காலியாக இருந்தது. மண் சுமக்கும் இருளாயியின் எண் அது. உறையூர்ப் பக்கம் குடிசையில் தனியாக இருந்தவள், வாயில் எப்போதும் புகையிலை. சரிந்ததைத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று மருதை கெஞ்சினார். தோண்டினால் பத்து நாள் போய்விடும். பாதையோ செபஸ்தியான் வரைந்தது. பழைய மேம்பாலத்தில் சனங்கள் முட்டி மோதுவதைப் பார்த்து, அதைப் பிரித்துவிட்டுக் கீழே அகலமாக வழி விடலாமென்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிய வேலை. அதில் அவனுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "வில்லையோட ஊருக்குப் போயிருக்கும், விடுங்க," என்றான். மண்ணெண்ணெய்த் தகரத்தில் புது வில்லை வெட்டித் தானே மாட்டினான். சரிவின் மேல் சுவர் எழுப்பி வெள்ளை ஓடும் பதித்தாகிவிட்டது.

ஆட்கள் கலைந்ததும் அவன் தனியாக இறங்கினான். மேலே ஏதோ ஒரு எஞ்சின் நீராவி விட்டுக்கொண்டு நிற்க, அதன் அதிர்வு ஓடுகள் வழியே இறங்கி உள்ளங்காலைக் கூசச் செய்ய, புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் வெட்டிய மண்ணும் மென்ற புகையிலையும் கலந்த இன்னொரு வாசனை நடுப்பாதை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே வந்தது. அங்கே இடுப்பளவு உயரத்தில் ஓடுகளின் இடுக்கு கசிந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் காவேரிப் பாலத்தில் நின்று பித்தளை வில்லையைத் தண்ணீரில் விட்டெறிந்தான். அது முழுகியதைக் கண்ணால் பார்த்தான். மறுநாள் காலை எட்டு மணி வண்டியில் திண்டுக்கல் தாய்வீட்டிலிருந்து அவன் மனைவி லூர்துராணி வருகிறாள், மூன்று மாதப் பிள்ளையோடு. அந்தப் பிளாட்பாரத்திலிருந்து வெளியே வர இப்போது ஒரே வழிதான். இன்னொன்றைப் பிரித்துப் போட்டவன் அவனேதான்.

பிள்ளையைத் தன் கையிலேயே தூக்கி வந்துவிடுவது என்று தீர்மானித்தான்.

மறுநாள் பிளாட்பாரம் முழுக்க மஞ்சள் துணி, சமயபுரத்துக்குப் போகும் கூட்டம். வண்டி வந்து நின்றது. பெண்கள் பெட்டி முன்னால் இருக்குமென்று அவன் முன்னால் நின்றான். அது கடைசியில் இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் போய்ச் சேர்வதற்குள் பெட்டி காலியாகிவிட்டது.

படிகளில் ஓடி இறங்கினான். தலைகள். மூட்டைகள். வேப்பிலை வாசனை. பிறகு அந்த வாசனை. புகையிலை. ஈரமண். "ராணி," என்று கூப்பிட்டான். அவன் குரல்தான் திரும்பி வந்தது. யாரோ தோளில் இடித்துப் போனார்கள். ஓடினான். வெளிச்சம். படிகள்.

மேலே லூர்துராணி நின்றிருந்தாள். காலடியில் டிரங்குப் பெட்டி. முகத்தில் சிரிப்பு.

"புள்ள எங்க?"

"பின்னால வருது. பெட்டியும் புள்ளையுமா திண்டாடிக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட வேலை பாக்குற பொம்பளதான் வாங்கிக்கிச்சு."

"எந்தப் பொம்பள?"

"தலையில சும்மாடு வச்சிருந்துச்சுங்க. மேலெல்லாம் மண்ணு. அய்யா வீட்டுப் புள்ளையா, குடுங்கம்மா, நான் வச்சுக்கறேன்னுச்சு." அவள் உள்ளங்கையை விரித்தாள். "இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு. பலகையில மாட்டிடணுமாம்."

பித்தளை வில்லை. முப்பத்தேழு. துவாரத்தில் ஈரக் களிமண்.

செபஸ்தியான் திரும்பிப் பார்த்தான். கடைசி ஆளும் ஏறி வந்துவிட்டிருந்தார். கீழே அந்தக் கோடி வரை வெள்ளை ஓடு. ஆள் இல்லை.

எங்கோ ஒரு குழந்தை பசிக்கு அழுதது. பாதையிலிருந்து அல்ல. நடுச் சுவரின் உள்ளிருந்து.

அந்த அழுகை கேட்டதும் லூர்துராணியின் ரவிக்கை பாலில் நனைந்தது. "அந்தா, வந்துருச்சு," என்றபடி இரண்டு படி இறங்கி, காலிப் பாதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கக் கைகளை நீட்டினாள்.