ஆன்டெனா மாட்டாத செட்

பின்பக்கத்தில் ஆன்டெனா வயர் இன்னும் மாட்டவில்லை. ஆனாலும் செட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அக்கா ஸ்க்ரூடிரைவரை மெல்லக் கீழே வைத்தாள். மதியம் இரண்டு மணி. வெளியே புழுதிக் காற்று சுற்றிச் சுற்றி அடித்து, பாதி இறக்கியிருந்த ஷட்டரைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் சூடும் சாலிடர் புகையும் வண்டிக்குள்ளிருந்த பழைய ரப்பர் மிதியடியின் வாடையும் சேர்ந்து பட்டறைக்குள் மூச்சை முட்டின. ஆன்டெனா இல்லாத செட்டில் பக்கத்துத் தெருவில் பேசுவது லேசாகக் கரகரக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் வராது. இருபது வருடமாக வண்டிகளுக்கு வயர்லெஸ் ரேடியோ மாட்டிக்கொடுக்கிறவளுக்கு அது தெரியாதா? காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

வண்டி அவள் தம்பியுடையது. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப். நிலம் அளக்கிறவன், ஆளில்லாத பொட்டல் காடுகளில்தான் அவனுக்கு வேலை. போன கோடையில் அங்கே மணலில் வண்டி புதைந்து, நாலாம் நாள்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது அவன் மனைவி அதே வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இன்று நாலு மணிக்குக் கிளம்புகிறாள்.

"எதை மாட்டினா நல்லதுன்னு நீங்களே பாருங்க அண்ணி. எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அக்கா மூன்று நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்தாள். கையில் பிடிக்கிற சின்ன செட் வேண்டாம், மேடு தாண்டினால் அது வாய்பேசாது. இருபத்தைந்து வாட் செட். தட்டையான நிலத்துக்கு உயரமான ஆன்டெனா, ஆட்டத்தில் முறியாதபடி அடியில் ஸ்பிரிங். பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், இரண்டு பக்கமும் ஃப்யூஸ். கதவு இடுக்கில் நசுங்காமல் கேபிளைக் கூரை ஓரமாகக் கொண்டுவந்தாள். பட்டறைச் சுவரில் அவள் கையாலேயே பெயின்ட்டில் எழுதிய எழுத்துகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன: ஆன்டெனா மாட்டாமல் பேசும் பட்டனைத் தொடாதே.

தொட்டால் வெளியே போக வழியில்லாத பவர் திரும்பி வந்து செட்டையே எரித்துவிடும். எரிந்தது வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை. விளக்கு எரியும். மற்றவர்கள் பேசுவது கணீரென்று கேட்கும். நாம் பேசுவது மட்டும் யாருக்கும் போகாது.

போன கோடையில் தம்பிக்கு அவசரம். ஹாரனை அடித்துக்கொண்டே நின்றான். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் பட்டனை அழுத்தி, ஒன்று இரண்டு மூன்று என்று சொன்னாள். அப்புறம்தான் ஆன்டெனா வயர் ஜன்னலுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்தாள். அவசரமாக மாட்டினாள், யாரோ இரண்டு லாரிக்காரர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஒன்றும் ஆகியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவன் கிண்டல் செய்வான், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். செக் பண்ணிட்டியா என்று கேட்டான். எல்லாம் சரியா இருக்கு, போ என்றாள்.

அவன் காணாமல் போன மூன்று நாளும் பட்டறை செட்டின் முன் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. வண்டி புதைந்த பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவளும் தலையாட்டினாள். வண்டியில் கிடைத்த அவனுடைய அளவைப் புத்தகத்தைத் தம்பி மனைவி அவளிடம் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அக்கா கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் மணி போட்டு எழுதியிருந்தான். அதற்குக் கீழே, தான் சொன்ன பதிலையும். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

செட் மறுபடியும் செருமியது.

"சொல்லுக்கா. கேக்குது, ஓவர்."

வீட்டில் தண்ணீர் கேட்டாலும், பேச்சு முடிந்தது என்று வயர்லெஸ்ஸில் சொல்கிற அந்த ஓவரைப் போட்டுத்தான் தம்பி கேட்பான், அத்தனை குறும்பு. அந்தக் குரல்தான். கொஞ்சம் வறண்டிருந்தது.

"பழைய கெணத்துக்கு மேற்கே. பின் சக்கரம் ரெண்டும் உள்ள போயிருச்சு. தண்ணி இருக்கு, பயப்படாத, ஓவர்."

புத்தகத்தின் முதல் பக்கம். எங்கேடா இருக்கே என்று அவள் கேட்டதற்கு அவன் சொன்ன பதில். ஆன்டெனா வயரை எடுத்துச் செருகினாள். குரல் நின்றது. வெறும் இரைச்சல், யாரோ லாரிக்காரர். வயரைக் கழற்றினாள்.

"அக்கா, நான் சொல்றது உனக்குக் கேக்கலியா?"

அவள் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஒன்றரை மணி நேரம் பக்கம் பக்கமாக அவன் பேசினான். மகளுக்குப் பல் விழுந்ததா என்று கேட்டான். தண்ணீர் பாதி என்றான். கால் பாட்டில் என்றான். பேச்சுக்கு இடையில் மணல் கண்ணாடியில் உரசும் சத்தம் கேட்டது. அது பட்டறைக் காற்றா, அங்கத்திய காற்றா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓவர் சொல்வதை விட்டுவிட்டான். புத்தகம் முடிந்த இடத்தில் குரலும் முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வரி வந்தது. போனது. சற்று நேரம் மூச்சு மட்டும்.

"அக்கா. ஏன் என் பேச்சு மட்டும் வரல? நீ பாத்துத்தானே மாட்டின?"

இது புத்தகத்தில் இல்லை.

மணி மூன்றே முக்கால். கையில் மைக். பட்டனை அழுத்தினால் இந்த செட்டும் போய்விடும். அவர்கள் இருவரும் இதை நம்பித்தான் போகிறார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வயரை மாட்டினால் தம்பி போய்விடுவான், அதுவும் தெரிந்தது.

"பதில் சொல்லுக்கா."

அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பதினோரு மாதமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததை எல்லாம் கொட்டினாள். நான்தான்டா எரிச்சேன், தெரிஞ்சும் மறைச்சேன், என்னை மன்னிச்சிருடா. சூடேறிய பிளாஸ்டிக் வாடை வந்தது. விரலை எடுத்தாள்.

"நீ பட்டனை அழுத்துறது மட்டும் தெரியுதுக்கா" என்றான் தம்பி. "பேச்சு வரல."

அவ்வளவுதான். அப்புறம் செட் ஊமையானது.

ஷட்டர் மேலே ஏறியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தம்பி மனைவி, கையில் பை, பின்னால் குழந்தை. முடிஞ்சுதா அண்ணி என்று கேட்டாள். அக்கா வண்டியிலிருந்து தடுமாறி இறங்கினாள். இவளிடமாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

"போகாதம்மா. செட்டு எரிஞ்சு போச்சு. போன தடவையும் நான்தான் எரிச்சேன்."

சொல்லிவிட்டாள். நெஞ்சு லேசானது. தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காத்திருந்தாள்.

"என்ன அண்ணி, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?"

அக்கா மறுபடியும் சொன்னாள். உரக்க. அவள் காதுக்குக் கணீரென்று கேட்டது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா வேலைச் சீட்டில் எழுதினாள். அழுத்தி எழுதினாள். தம்பி மனைவி அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வெறும் தாள் என்று மேஜையில் வைத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். யாரும் பிடிக்காததுபோல் தம்பி மனைவியின் கை தன்பாட்டுக்கு உயர்ந்து வண்டிச் சாவியை எடுத்தது.

"அழாதீங்க அண்ணி. நீங்க மாட்டினதுங்கற தைரியத்துலதான் நான் போறேன்."

தொங்கிக்கொண்டிருந்த ஆன்டெனா வயரைத் தம்பி மனைவியே செருகினாள். குழந்தை பின் சீட்டில் ஏறியது. கதவு. எஞ்சின். தம்பி மனைவி மைக்கை வாயருகே கொண்டுபோய்ச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அலமாரியில் இருந்த பட்டறை செட்டில் ஒரு முனகலும் இல்லை.

அக்கா வண்டியின் பின்னாலேயே ஓடினாள். போகாதே என்று கத்தினாள். தொண்டை கிழிந்தது, உப்புக் கரித்தது. வண்டியின் பின் கண்ணாடியில் பட்டறை வாசல் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த அவளே அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது.