நான்காவது மூச்சு

அறையில் மூன்று பேர் படுத்திருந்தார்கள். நான்கு மூச்சு கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட களைப்பில் மூவரும் ஒரே கட்டிலில் விழுந்திருந்தார்கள். ஜன்னல் திரையின் ஓரத்தில் கசிந்த வெயில் தரைப்பலகைமேல் ஒரு கோடாக விழுந்து, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. சுவர்ப்பக்கம் மனைவி, நடுவில் மகள், ஓரத்தில் அவன். மனைவியின் மூச்சு நீளமானது, முடியும்போது ஒரு சின்ன விசில் வரும். மகளுடையது குட்டை, மூக்கடைப்பினால் நடுநடுவே தடுக்கும். அவன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். இப்போது இரண்டு கேட்க வேண்டும். மூன்று கேட்டது. கரகரப்பாக, ஈரமாக, எங்கோ தாழ்வான இடத்திலிருந்து இன்னொன்று.

மூச்சு எண்ணுவது அவனுக்குப் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன். மருந்தை ஊசியில் எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையாக வைத்துக் கொடுப்பான். மெஷின் என்ன எண்ணைக் காட்டினாலும் சரி, நோயாளியின் நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் தானாகவும் எண்ணினால்தான் அவனுக்கு நிம்மதி. பதினேழு வருடப் பழக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கினால்கூட விரல் தன்னால் மடங்கும். "ஊரையே தூங்க வைக்கிற மனுஷனுக்குப் பெத்த பொண்ணைத் தூங்க வைக்கத் தெரியல" என்று மனைவி கேலி செய்வாள்.

இப்போதும் விரல் மடங்கியது. நிமிடத்துக்குப் பதினெட்டு.

யாருடைய மூச்சு என்று அவனுக்குத் தெரியும். பதிமூன்று வருடம் கேட்டது. வெள்ளிக்கிழமை மதியம் அவனே அதை நிறுத்தி, வீட்டுக்குப் பின்னால் புதைத்திருந்தான்.

மேனேஜர் என்று நாய்க்குப் பெயர் வைத்தது மனைவி. குட்டியாக வந்த முதல் வாரமே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், வருகிறார்கள் என்று முகத்தைச் சுளித்துப் பார்த்தது. பழுப்பு நிறம். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அவன் லேட்டாக வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரும், சமாதானப்படுத்தப் பத்து நிமிடம் ஆகும். மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று தொட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. தொட்டில் போய்க் கட்டில் வந்தது, மகளுக்கு ஒன்பது வயதானது, மேனேஜர் மட்டும் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

போன மாதம் பின்னங்கால் எலும்பில் கட்டி என்றார்கள். அதன்பிறகு ராப்பகலாக அழுகைதான். நாய் டாக்டரும் கையை விரித்துவிட்டார், ஊசி போட்டுவிடலாம் என்றார். ஆனால் அந்தக் கிளினிக் வாசலைக் கண்டாலே மேனேஜர் நின்ற இடத்தில் சிறுநீர் கழித்துவிடும்.

"அங்க மட்டும் வேணாங்க," என்றாள் மனைவி. "கடைசி நேரத்துல அவன் பயந்துக்கிட்டே போகக் கூடாது. நீங்க தினமும் பண்றதுதானே? நம்ம வீட்லயே, என் மடியிலயே போகட்டும்."

தினமும் செய்வதுதான். முதல் ஊசி தூங்க வைக்கும், அதற்கு மஞ்சள் ஸ்டிக்கர். இரண்டாவது ஊசி மூச்சுத் தசை உட்பட உடம்பின் தசைகளைக் கட்டிப்போடும், அதற்குச் சிவப்பு. இந்த வரிசை மட்டும் மாறவே கூடாது. மாறினால் ஆள் விழித்திருப்பான். எல்லாம் கேட்கும், எல்லாம் வலிக்கும், ஓர் இமையைக்கூட அசைக்க முடியாது. தியேட்டரில் மிச்சமான மருந்தை இரண்டு ஊசிகளில் எடுத்து, சூடு பட்டு வீரியம் குறையாமலிருக்க ஐஸ் கட்டியோடு டிபன் பையில் வைத்து எடுத்துவந்தான். வீட்டில் பையைத் திறந்தபோது ஐஸ் உருகி, ஸ்டிக்கர் இரண்டும் கழன்று மிதந்தன. இரண்டு மருந்துமே தண்ணீர் நிறம். தியேட்டராக இருந்தால் யோசிக்காமல் இரண்டையும் குப்பையில் போட்டிருப்பான். ஆனால் கூடத்தில் மேனேஜர் அழுதுகொண்டிருந்தது, மகள் பள்ளியிலிருந்து வர ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. இதுதான் மஞ்சள் என்று ஓர் ஊகத்தில் ஒட்டினான்.

முதல் ஊசி ஏறியதும் கால்கள் துவண்டன. வால் துவண்டது. நாக்கு ஓரமாகத் தொங்கியது. கண் மட்டும் மூடவில்லை. "தூங்குடா, தூங்குடா தங்கம்" என்று மனைவி தலையை மடியில் வைத்து நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். மேனேஜரின் கண்ணோரத்தில் தண்ணீர் திரண்டு மூக்குப் பக்கமாக வழிந்தது. அந்தக் கண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று தியேட்டரில் வேலை பார்க்கும் எவனுக்கும் தெரியும். அவன் பதறிப்போய் இரண்டாவது ஊசியை ஏற்றினான். ஊசி நழுவி, பாதி மருந்து தோலுக்கு வெளியே போய்விட்டது.

"போயிட்டானா?"

அவன் விரல் மேனேஜரின் தொடையின் உள்பக்கத்தில் இருந்தது. விரலுக்கு அடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக, விட்டுவிட்டு. இன்னும் இரண்டு நிமிடத்தில் தன்னால் நின்றுவிடும் என்று நினைத்தான்.

"போயிட்டான்," என்றான்.

பின்சுவரை ஒட்டி மண் இளகியிருந்தது. அங்கேயே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, மகளின் பழைய மீன்படப் போர்வையில் சுற்றி இறக்கி, மகள் வருவதற்குள் மூடிவிட்டான். நின்றுவிட்டதா என்று பார்க்க மறுபடி விரல் வைக்கவில்லை. பயமாக இருந்தது.

இப்போது கட்டிலை விட்டு ஓசைப்படாமல் இறங்கி மண்டியிட்டான். கட்டிலுக்கு அடியில் தூசியும் ஒற்றைச் செருப்பும்தான். கன்னத்தைத் தரையில் வைத்தான். ஈரம் ஏறாமலிருக்க மண்ணுக்கும் தரைப்பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டிய வீடு அது. பலகைச் சந்திலிருந்து மண் வாடையோடு நனைந்த மயிரின் வாடையும் வந்தது. அதன் நடுவே மூச்சு. உள்ளே போய், எதிலோ தடுக்கி, வெளியே வந்தது.

எலி என்று சொல்லிக்கொண்டான். எலி மூச்சு விடுவது பலகைக்கு மேலே கேட்காது. சரி, பேய் என்று சொல்லிக்கொண்டான். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பேய்க்கு வலிக்காது.

திங்கட்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தபோது பதிமூன்று. நடுவில் ஒரு சுரண்டல். பென்சில் முனையால் பலகையை அடியிலிருந்து இழுப்பது போல, நீளமாக ஒன்று, ஓய்வு, பிறகு இன்னொன்று. அன்று காலை தியேட்டரில் மயக்க மருந்து டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்திருந்தார்.

"என்னப்பா, ஆளே பாதியா இருக்கே?"

"நாய் செத்துப்போச்சு மேடம்."

"அடடா. ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"இல்ல மேடம். தூக்கத்துலயே போயிடுச்சு."

தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை எட்டு. அன்று மகள் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட்டைத் தள்ளிவிட்டு, குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜர் கீழ இருக்கான்பா. மூச்சு விடறான்."

மனைவி அவளை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு கண்ணு. சமையல்கட்டுல நின்னா பின்னாடி நகச் சத்தம் கேக்குது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்."

"நிஜமாவே கேக்குதும்மா. அப்பா, உனக்குக் கேக்கல?"

அவனுக்கு அந்த நொடியிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மகள் படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே.

"கேக்கலடா," என்றான்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சமையல்கட்டுக்குப் போனான். கழுவிக் கவிழ்த்திருந்த மேனேஜரின் தட்டை அவள் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பரணில் வைக்க மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"கடைசி வரைக்கும் என் முகத்தையே பாத்துட்டிருந்தான், கவனிச்சீங்களா? பயப்படவே இல்ல. எனக்கு அது போதுங்க. அது மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல."

தட்டை மறுபடி அதே இடத்தில் கவிழ்த்தாள். அவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். மண்வெட்டி பின்கதவுக்குப் பக்கத்தில்தான் சாய்ந்திருந்தது. எடுத்துத் தோண்டினால் பத்து நிமிட வேலை. தோண்டினால் எதற்கு என்று கேட்பாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பார்வைதான். அதைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டுமா? பேய்தான் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டான். பேய்தான். எண்ணிக்கை குறைகிறது, போய்க்கொண்டிருக்கிறது, நல்லதுதான்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

புதன்கிழமை மூன்று.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கு. ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். சட்டையோடு தரையில் படுத்தான். காது பலகையில்.

ஒன்று.

வெகுநேரம் ஒன்றுமில்லை. எங்கோ குழாய் சொட்டியது.

இரண்டு. சின்னது. தொண்டை வரைக்கும்கூட வரவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நின்றுவிடு என்று உதடசைத்துக் கேட்டான். போதும்டா, நின்றுவிடு.

மூன்று.

பிறகு இல்லை. கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். சுரண்டல் இல்லை. ஒன்றுமில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்த வாரத்தில் முதல்முறையாக அடித்துப் போட்டது போலத் தூங்கினான்.

மறுநாள் சாயங்காலம் பின்பக்கத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

புதைத்த இடத்தில் மண் உள்வாங்கியிருந்தது. சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் ஒரு குழி. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் மகள் அதன் ஓரத்தில் குந்தியிருந்தாள்.

"மழையே பெய்யல, எப்படி இப்படி இறங்குச்சு?" என்றாள் மனைவி.

"பாக்கறேன். நீங்க தள்ளி நில்லுங்க."

மண்டியிட்டுக் கையை விட்டான். மண் பொலபொலவென்று உள்ளே சரிந்தது. முழங்கை வரை போனது. போர்வை தட்டுப்படவில்லை. சுவரின் அடியில் கடைக்கால் கற்கள் இரண்டுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் ஓரத்து மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அதில் பழுப்பு மயிர்.

போன் விளக்கைப் போட்டுத் தலையைக் குழிக்குள் கொடுத்துப் பார்த்தான்.

முதலில் போர்வை. கிழிந்து, இழுபட்டு, மண்ணில் நீளமாகக் கிடந்தது. நீல மீன்கள். அதற்கு அப்பால் உடம்பை இழுத்த தடம். வளைந்து வளைந்து, அங்கங்கே நின்று, படுக்கையறைப் பக்கமாகப் போயிற்று. விளக்கைத் தூக்கினான். மேலே பலகையின் அடிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். நூறு இருக்கும். எல்லாம் ஒரே இடத்தில். கட்டிலில் அவன் படுக்கும் ஓரத்துக்கு நேர் கீழே.

அங்கே மேனேஜர் கிடந்தது. முகவாய் மேலே தூக்கியிருந்தது, மூக்கு பலகைச் சந்தில் பொருந்தியிருந்தது. கண் திறந்திருந்தது. விளக்கு பட்டதும் பச்சையாக மின்னியது.

விலா லேசாக உயர்ந்தது போலிருந்தது. அல்லது விளக்குப் பிடித்த கை ஆடியதா?

முழு நிமிடம் எண்ண வேண்டும். குறைவாக எண்ணி முடிவு சொல்லக் கூடாது. கைக்கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பினான். பத்து நொடி. இருபது. நெஞ்சு அசையவில்லை. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு.

"என்னங்க, என்ன தெரியுது?" மனைவி குனிந்தாள். அவள் கூந்தல் அவன் தோளில் உரசியது.

விளக்கை அணைத்தான்.

"ஒண்ணுமில்ல. எலி வளை. அதான் மண்ணு இறங்கிருக்கு."

"அவன்?"

"அவன் கீழ இருக்கான். நல்லாத்தான் இருக்கான்."

"அப்போ மூடிடுங்க. அவனைத் தொந்தரவு பண்ண வேணாம்."

பெரிய கல்லாக ஒன்றைப் பார்த்து எடுத்துச் சந்தில் செருகினான். மண்ணை வெட்டிப் போட்டான். மறுபடி இறங்காமலிருக்க மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணை மிதித்தாள். மகளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். போன வெள்ளிக்கிழமையிலிருந்து முதல்முறையாக இருவரும் லேசாகச் சிரித்தார்கள்.

நாலடி தள்ளி, சுவரின் அடியில், தரைக்குக் கீழே காற்றோட்டத்துக்காக விட்டிருந்த உள்ளங்கையளவு ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வாயில் படிந்திருந்த தூசி மெல்ல வெளியே எழும்பியது. அடங்கியது. பக்கத்துச் செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. வெகுநேரம் கழித்துத் தூசி மறுபடி எழும்பியது.

"அப்பா, இங்க ரோஜாச் செடி வைக்கலாமா?" என்றாள் மகள் குதித்துக்கொண்டே.

"வைக்கலாம்டா," என்றான். பிறகு மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய், பாதிச் செங்கல் ஒன்றை எடுத்துவந்து அந்த ஓட்டையில் வைத்து, இறுக்கமாக உட்காரும்வரை குதிகாலால் அழுத்தினான்.