பஞ்சுச் சுவர்

அப்பாவின் இசைத்தட்டுக் கம்பெனியை விற்றுவிடுவது என்று முடிவானதும், ஒலிப்பதிவு அறையைக் காலி செய்ய மகள்தான் போனாள். பட்டப்பகல். ஆனாலும் கதவைச் சாத்தியதும் தெருச்சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் சாக்குத்துணிக்குள் பஞ்சு திணித்து அடித்திருந்தார்கள். நனைந்து காயாத துணியின் வாடை மூக்கில் ஏறியது.

பெரிய கம்பெனிகள் வாசலோடு திருப்பி அனுப்பிய பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தவர் அப்பா. "அவன் கதவைச் சாத்தினாத்தான் நமக்குப் பொழப்பு" என்று சிரிப்பார். தட்டு அச்சடிக்கும் இயந்திரம் சித்தப்பாவின் பொறுப்பு. கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு பாடகியின் குரல். சந்தையிலும் சலூனிலும் அவள் தட்டுதான் பாடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் பெரிய கம்பெனிக்கு ஓடிவிட்டதாகச் சித்தப்பா வந்து சொன்னார்.

அதன்பிறகு இந்த அறையில் யார் பாடினாலும், பாட்டுக்கு அடியில் இன்னொரு குரல் மெல்ல இழைந்தது. கடைக்காரர்கள் தட்டுகளை மூட்டை கட்டித் திருப்பினார்கள். இயந்திரக் கோளாறு என்றார் சித்தப்பா. அப்பா அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே நொடிந்து, போய்ச் சேர்ந்தார்.

மைக்கைக் கழற்றுவதற்கு முன், அது வேலை செய்கிறதா என்று பார்க்க மகள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

மூச்சு.

தன்னுடையதோ என்று வாயைப் பொத்தி அடக்கினாள்.

நிற்கவில்லை.

மைக்கைக் கையில் எடுத்துச் சுவர் சுவராகக் காட்டினாள். பின்சுவரை நெருங்க நெருங்க மூச்சு பலத்தது. கத்தியால் சாக்கைக் கிழித்தாள். கருத்த பஞ்சு பொதபொதவென்று சரிந்தது. கூடவே ஒரு பின்னல். பிறகு தாடையெலும்பு. கழுத்தெலும்பைச் சுற்றி மைக் வயர் இறுகிக் கிடந்தது.

"அதை ஏம்மா தொட்டே?"

இயந்திரத்தைப் பிரிக்க வந்த சித்தப்பா கதவருகே நின்றார். கையில் சுத்தியல்.

"சித்தப்பா... இது யாரு?"

"நான் வளர்த்துவிட்ட குரல். இன்னொருத்தனுக்குப் பாடப் போறேன்னா. போய் வான்னு அனுப்பச் சொல்றியா?" அவர் குரல் உயரவே இல்லை. "உங்கப்பனுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. நீயும் தெரியாமலே போயிருக்கலாம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவே. நீ உங்கப்பன் பொண்ணு."

ஹெட்ஃபோன் தெறித்து விழ, முதல் அடி இடது காதில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது தலைக்குள்ளேயே கேட்டது. சுருண்டு விழுந்தவளின் முடியைப் பிடித்துத் தூக்கி, மறுபடி கையை ஓங்கினார்.

ஓங்கிய கை இறங்கவில்லை.

பஞ்சுக்குள்ளிருந்து நீண்ட வயர் அவர் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. வெடுக்கென்று இழுத்ததில் தோள்மூட்டு கழன்று கை பின்பக்கம் தொங்கியது. அவர் அலற வாய் திறந்தார். அடுத்த சுருள் கழுத்தில் விழுந்தது. குதிகால்கள் தரையைக் கீற, அவரைச் சுவர்வரை இழுத்துப் போனது. முகம் பஞ்சுக்குள் அழுந்தியது.

தரையில் கிடந்த ஹெட்ஃபோனில் ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. சித்தப்பாவின் கால்கள் உதைத்தன.

இன்னும் ஏறியது.

மளுக்.

பாட்டு நின்றது. மகள் தவழ்ந்தே வெளியே வந்து தெருவில் விழுந்தாள்.

போலீஸ்காரர்கள் சுவரிலிருந்து இரண்டு உடல்களை எடுத்தார்கள். சித்தப்பாவின் தொண்டையிலிருந்து வயிறுவரை பஞ்சு அடைத்திருந்தது என்றார்கள். மகளின் இடது காது இனி ஒருநாளும் கேட்காது என்றார் மருத்துவர்.

மருத்துவர் போனதும், வலது காதைத் தலையணையில் புதைத்துத் திரும்பிப் படுத்தாள். உலகம் அடங்கியது.

இடது காதுக்குள் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.