பயம் ஊட்டிய மூளை

காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும் இசக்கியம்மாளுக்கு முதல் வேலை, கண்ணாடித் தட்டில் வளரும் மூளைக்குக் கஞ்சி ஊற்றுவது. ஊட்டநீருக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த செல்லப்பெயர் கஞ்சி. மனிதச் செல்லிலிருந்து வளர்த்த, நெல்லிக்காய் அளவு மூளை அது. சிந்தைத்திசு என்று பெயர். புது மருந்துகளின் வடிவத்தை இப்போதெல்லாம் அதுதான் யோசித்துச் சொல்கிறது. ஆனால் மகா சோம்பேறி. வயிறு நிறைந்தால் அசையாது.

அதை வேலை வாங்க வழி கண்டுபிடித்தால்தான் இசக்கிக்குப் பணிநீட்டிப்பு. முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து ஊர் ஊராக இதே தற்காலிக ஆய்வாளர் பிழைப்பு. இந்த இடமும் போனால், இந்த வயதில் வேறெந்தப் பல்கலைக்கழகமும் அவளைச் சீந்தாது. அந்தப் பயத்திலேயே ராத்திரி பகலாக வேலை பார்த்தாள்.

திசுவுக்கும் அதே பயத்தைக் கொடுத்தால் என்ன? கஞ்சி நிற்கப்போகும் தேதியை மின்துடிப்பால் முன்கூட்டியே உணர்த்திப் பார்த்தாள். கடைசி நேரத்தில் மட்டும் அடித்துப் பிடித்து வேலை செய்தது. பிறகு தேதியைச் சொல்லாமல், எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று மட்டும் உணர்த்தினாள். அம்மாடி, என்ன வேகம்! ஆய்வகத் தலைவர் பேராசிரியர் ஜெபராணி வருடக்கணக்காகத் தேடிய மருந்து அந்த வாரமே கிடைத்துவிட்டது.

கொஞ்ச நாளில் அந்தத் திசு கருகிச் செத்தது. அடுத்ததும் அப்படியே. அதை மட்டும் இசக்கி அறிக்கையில் எழுதவில்லை. எழுதினால் வேலைக்கு உலை வைத்துக்கொண்ட மாதிரி என்று பயந்தாள்.

நீட்டிப்பு வந்தது. கூடவே பல்கலைக்கழகத்தின் புது விதியும் வந்தது. இனி தற்காலிக ஆய்வாளர் யாருக்கும் பணி முடியும் தேதி கிடையாது. தினமும் காலையில் ஆய்வகக் கதவில் விரலை வைக்க வேண்டும். திறந்தால் வேலை உண்டு. திறக்காவிட்டால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். விதிக்கு அடிப்படை: இசக்கியம்மாளின் ஆய்வறிக்கை.

அவள் நேரே ஜெபராணியின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், இதை மனுஷங்களுக்குச் செய்யக் கூடாது. நான் ஒண்ணை மறைச்சிட்டேன். அந்தத் திசு எல்லாம் கருகிப் போச்சு."

"தெரியும். குப்பைக்கூடையில பாத்தேம்லா," என்றார் ஜெபராணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மனுஷ மூளைன்னா எவ்வளவு நாள் தாங்கும்?"

பழக்கதோஷம், இசக்கி மனதுக்குள் கணக்குப் போட்டாள். "ரெண்டு வருஷம். அதுக்கு மேல தாங்காது மேடம்."

"அதுக்கு மேல எந்த ஆய்வாளரை நாம வச்சிருந்திருக்கோம், இசக்கி?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

இசக்கிக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குள், இருக்கையை விட்டு எழுந்து வந்து ரொம்ப நேரமாகிவிட்டதே என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்று அவள் மூளை அபாரமாக வேலை செய்தது.