ஈரம் காயாத முத்துமாலை

வீல்...!

வான் டெர் மூர் மாளிகையின் மாடியிலிருந்து கிளம்பிய அலறல் ஹட்சன் ஆற்றைத் தாண்டிப் போனது. அக்கரையில் ஒரு பசு அன்றைக்குப் பால் தர மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். நான் பசுவை விசாரிக்கவில்லை.

அலறியவள் ஹெண்ட்ரிகா. முப்பதாயிரம் ஏக்கருக்குப் புது எஜமானி. மாமியாரை அடக்கம் செய்து மூன்றே நாள். துக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கிழவியின் நகைப்பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

காலி!

பெட்டிச் சாவி இருந்தது ஒட்டிலியாவிடம். ஜெர்மனியிலிருந்து வந்தவள். கப்பல் கூலிக்கு ஈடாக இந்த வீட்டில் ஏழு வருஷம் உழைக்கக் கையெழுத்துப் போட்டவள். ஏழாவது வருஷம் நாளையோடு முடிகிறது. நாளை அவளுக்கு விடுதலை.

திருடி என்று முடிவானால்... தூக்கு!

ஹெண்ட்ரிகா அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்து சுவரைக் காட்டினாள்.

"இந்த மாலை எங்கடி?"

சுவரில் மாமியார். இருபது வருஷத்துக்கு முந்தைய படம். நீலப் பட்டு, மடியில் ஆட்டுக்குட்டி, கழுத்தில் மூன்று சர முத்து.

"எனக்குத் தெரியாதும்மா."

அடுத்த பண்ணைக்காரர் எவெர்ட்தான் அந்த வட்டாரத்துக்கு நீதிபதி. வந்தார். எண்ணெயில் பொரித்த பணியாரம் இரண்டைத் தின்றார். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு தீர்ப்பை ஆரம்பித்தார்.

"படம் பொய் சொல்லாது. மாலை இருந்திருக்கு. சாவி இவகிட்ட. வேறென்ன வேணும்?"

ஒட்டிலியாவின் முகம் சுண்ணாம்பாயிற்று.

மூலையில் ஒருவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓவியர் யோஸ்ட். மாமியாரை வரைந்தவர். ஒரு வாரமாக மருமகளை வரைந்துகொண்டிருப்பவர்.

அவருடைய பெட்டியில் லண்டனில் அச்சான ஒரு தாள் உண்டு. அதில் முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டியின் படம். யோஸ்டின் தொழில் ரகசியமே அந்தச் சீமாட்டிதான். முகம் வாடிக்கையாளருடையது. கழுத்திலிருந்து கீழே எல்லாம் அவளுடையது! ஆற்றங்கரையில் பதினொரு சீமாட்டிகளை அப்படி வரைந்தாயிற்று. தன் வீட்டு முத்து பொய் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். மற்ற பத்து வீட்டு முத்தும் நிஜம் என்று எல்லோரும் மனதார நம்பினார்கள்.

வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும்.

திறக்காவிட்டால் ஒரு பெண்ணின் உயிர்...

யோஸ்ட் வாயைத் திறக்கவில்லை. கை தவறியது போல, பாதி வரைந்த படத்தின் மேலிருந்த துணியைத் தட்டிவிட்டார்.

படத்தில் ஹெண்ட்ரிகா. நீலப் பட்டு. ஆட்டுக்குட்டி. மூன்று சர முத்து... ஈரம்கூடக் காயவில்லை!

நீதிபதியின் பணியாரம் தொண்டையில் நின்றது.

"அம்மணி... காணாமப் போன மாலை உங்க கழுத்துல எப்படி?"

"அது... அச்சுத்தாள்ல இருந்தது."

"அப்போ படம் பொய் சொல்லும்ங்கறீங்க."

"என் படம் சொல்லும். எங்க அத்தை படம் சொல்லாது."

யோஸ்ட் இருமினார். "ரெண்டும் ஒரே தாள்தாம்மா. ஆட்டுக்குட்டியைப் பாருங்க. இடது காது மடிஞ்சிருக்கும்."

எவெர்ட் இந்தக் காதைப் பார்த்தார். அந்தக் காதைப் பார்த்தார். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக் கணப்புக்கு மேலே அவர் மனைவி தொங்குகிறாள்... மடியில் இதே காது!

"மாலையே கிடையாது. கேஸ் தள்ளுபடி," என்றார். "இது வெளியே போனா உங்களுக்கு மானம் போகும் அம்மணி. எனக்கு வீட்டுல சோறு போகும்."

யோஸ்டுக்குப் பிழைப்பு போயிற்று. ஹெண்ட்ரிகா தூரிகை முதல் தாள் வரை வாசலில் எறிந்தாள்.

மறுநாள் காலை. நியூயார்க் போகும் பாய்மரப் படகு. யோஸ்டுக்கு எதிரே, விடுதலைப் பத்திரத்தோடு ஒட்டிலியா.

"உயிரைக் காப்பாத்துனீங்க ஐயா. உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

மூட்டையை அவிழ்த்தாள்.

மூன்று சர முத்து! அசல்!

யோஸ்டின் தொப்பி ஆற்றில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அடிப்பாவி... இது நான் அச்சுத்தாளைப் பார்த்து வரைஞ்சதாச்சே!"

"படத்துல இருக்கறது கழுத்துல இல்லையேன்னு பெரியம்மாவுக்கு உறுத்தல். யாருக்கும் தெரியாம ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து வரவழைச்சாங்க. சாகறப்போ எனக்குக் குடுத்தாங்க."

"நிஜமாவா குடுத்தாங்க?"

"நீங்க வரைஞ்ச அளவுக்கு நிஜம்."

யோஸ்ட் சிரித்தார். படகு ஆடும்வரை சிரித்தார். அப்புறம் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உட்காரு. இந்த ஆத்தங்கரையில அசல் முத்தோட இருக்கற ஒரே படம் உன்னோடதா இருக்கட்டும்."

"வரைங்க ஐயா," என்றாள் ஒட்டிலியா, மாலையை மூட்டைக்குள் திணித்தபடி. "ஆனா கழுத்தை மட்டும் மூளியா வரைங்க. என்கிட்டதான் நிஜமாவே இருக்கே!"