கடைசிக் காப்பரணில் பொறுப்பேற்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடலோரக் காப்பரண் ஆய்வுக் கழகத்தின் மாண்புமிகு தலைவர் அவர்கள், பழைய யுத்தகாலத்துக் கடைசிக் காப்பரணுக்கு இன்று மாலை சைக்கிளில் எழுந்தருளி, அதை முறைப்படி பொறுப்பேற்றுக்கொள்வார்.

தலைவர் மருந்துக்கடைக்காரர். கழகத்தின் செயலாளர், பொருளாளர், பொதுக்குழு எல்லாம் அவர் மனைவியின் தம்பி. பொதுக்குழுவின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது.

"அத்தான், இந்த ஒரு பங்கரோட திரும்பிடுவோம். அக்காவை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும்."

"பங்கர் இல்லடா, காப்பரண்."

"சரி, அந்தக் காப்பரணோட திரும்பிடுவோம்."

மறப்பாரா அவர்? காலையிலேயே மெத்தை விரிப்பை மாற்றி, தலையணையை இரண்டு தட்டுத் தட்டி, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். மனைவியின் ஆபரேஷனுக்கு முந்தைய இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில், ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் பாடம் நடத்தும் மனிதர் ஒரு வார்த்தை வராமல் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அதை யாரும் பார்க்கவில்லை. இன்று அவளுக்கு வீட்டுக் கதவைத் தானே திறந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு.

ஆனால் கழகத்துக்கென்று ஒரு சடங்கு உண்டே. ஒவ்வொரு காப்பரணிலும் தலைவர் உள்ளே போய், துப்பாக்கி நீட்டுவதற்காகச் சுவரில் விட்ட நீளப் பிளவின் முன் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "இந்தக் காவலை இந்த நிமிடம் முதல் நான் ஏற்றுக்கொள்கிறேன்!" என்று முழங்குவார். மச்சினன் கை தட்டுவான். இதுவரை பொறுப்பேற்றவற்றில் ஒன்றில் ஆடுகள் இருந்தன, ஒன்றில் உடைந்த பாட்டில்கள், ஒன்றில் சுவர் முழுக்கக் காதலர்களின் பெயர்கள். எதுவும் ஆட்சேபிக்கவில்லை.

இந்தக் கடைசிக் காப்பரண், சாலை முடிந்து, மணல் பாதையும் முடிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் வரும் மேட்டின் மேல், கழுத்தளவு மணலில் புதைந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சினன் வாசலிலேயே குந்தி டயருக்குக் காற்றடிக்கத் தொடங்கினான். "நீங்க போய் ஏத்துட்டு வாங்க அத்தான். கைதட்டல் இங்கேர்ந்தே வரும்."

தலைவர் குனிந்து உள்ளே போனார். போனதும் நின்றார்.

தரை பெருக்கியிருந்தது.

பாட்டில் இல்லை, மூத்திர நாற்றம் இல்லை, சுவரில் ஒரு கிறுக்கல் இல்லை. வெளியே காற்று வாரி இறைக்கும் மணலில் ஒரு பிடிகூட வாசலைத் தாண்டி வந்திருக்கவில்லை. பூட்ஸுக்குப் போடும் பாலிஷும், ஈரக் கம்பளியும், நெடுநேரம் மூடிக் கிடந்த வாயின் வாடையும் கலந்து ஏதோ ஒன்று அந்தக் குளிர்ந்த சிமெண்ட் இருட்டில் அசையாமல் நின்றது. யாரோ பொறுப்பானவர் பார்த்துக்கொள்கிறார் போல, என்று தலைவர் பாராட்டினார். பிறகு, யார் அது என்று யோசித்தார். யோசித்தது பிடிக்கவில்லை.

பிளவின் அடிவிளிம்பில் இரண்டு குழிகள் இருந்தன. முழங்கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த குழிகள். சிமெண்ட் அப்படித் தேய எத்தனை காலம் பிடிக்கும் என்று உரை நிகழ்த்த அவரிடம் விஷயம் இருந்தது. கேட்க ஆள் இல்லை. தன் முழங்கைகளை வைத்துப் பார்த்தார். பொருந்தின.

குழிகள் சூடாக இருந்தன.

கிளம்பிவிடலாம் என்றது மனம். வெளியே பம்பு புஸ், புஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தது. கைதட்டக் காத்திருக்கிறானே பையன். பயந்து ஓடிவந்தார் தலைவர் என்று ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பானே. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் காவலை இந்த நிமிடம் முதல் நான் ஏற்றுக்கொள்கிறேன்!"

சுவர்கள் எதிரொலிக்கவில்லை. குரலை அப்படியே வாங்கிக்கொண்டன.

முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஒரு குரல் கேட்டது. "நிஜமாவா?"

"நிஜமாத்தாண்டா. ஏத்துக்கிட்டேன்னு சொல்றேன்ல? தட்டு கையை."

யாரும் தட்டவில்லை. யாரோ பெருமூச்சு விட்டார்கள். நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்கி வைப்பவர் விடும் மூச்சு. அது அவர் பிடரியில் பட்டது. ஈரமாக. குளிராக.

வெளியே பம்பு சத்தம் நிற்கவில்லை.

புஸ். புஸ்.

அவர் திரும்ப முயன்றார். திரும்பவில்லை. கழுத்து வரவில்லை. முழங்கைகள் குழியை விட்டு எழவில்லை. கண்ணை மூடப் பார்த்தார். இமை இறங்கவில்லை. எதிரே கடல். கடல் மட்டும்.

பின்னால் காலடி. தேய்ந்த, அவசரமில்லாத காலடி. வாசலை நோக்கி.

"அத்தான், முடிஞ்சுதா? கை தட்ட மறந்துட்டேன், இந்தாங்க." பட் பட் என்று இரண்டு தட்டல். "போலாமா?"

மாப்ளே, நான் உள்ளே இருக்கேன்டா, என்றார் அவர். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இரண்டு சைக்கிள்களின் ஸ்டாண்டுகள் தட்டி எழுந்தன.

திரும்பும் வழி மேட்டைச் சுற்றி, பிளவுக்கு நேர் கீழே, கரையோரமாகத்தான் போகிறது. முதலில் மச்சினன் வந்தான். அவன் பின்னால் அவருடைய சைக்கிள். மேலே இருந்த தொப்பி அவருடையது. சட்டை அவருடையது. தொந்தியும் அவருடையது. ஈர மணலில் சக்கரம் தள்ளாடியது, ஒருமுறை, இருமுறை. பிறகு பழகிக்கொண்டது.

"என்ன அத்தான், பேச்சே காணோம்? தொண்டை கட்டிடுச்சா?" மச்சினன் சிரித்தான். "நல்லதுதான். அக்கா இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவா. ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருங்க, என்ன?"

அது தலையை ஆட்டியது. கடலிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

வளைவில் மச்சினன் ஒருதரம் நிமிர்ந்து பிளவைப் பார்த்தான். நேராக அவர் கண்ணுக்குள் பார்த்தான். சுவரில் உள்ள ஒரு ஓட்டையைப் பார்க்கிற மாதிரி.

உள்ளே தலைவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.